பழைய வண்டியும் பங்குனி வெய்யிலும்

நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் சென்றுவந்த நேயர்களுக்குக் குறிகட்டுவான் துறையைப் பற்றி நாம் அதிகம் கூறவேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாக வாணர் பாலத்தில் ஏறிப் புங்குடுதீவை அடைந்து, அத்தீவின் மேலைக்கரையில் தரைவழி முடிவுறும் இடமே குறிகட்டுவான். அதற்கப்பால் கடல். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுவோர் தத்தம் வாகனங்களை அங்கே நிறுத்திவிட்டே செல்லல் வேண்டும். துறையடியில் ஒரு வண்டிக்கேனும் நிழல் கிடைப்பது அரிது. காலையில் விட்டுச்சென்ற வண்டியை உச்சிப்பொழுது கழிந்தபின் வந்து திறப்போரின் முகத்தில் அடிக்கும் அனல், பாண் போறணையின் கதவைத் திறந்தாற் போன்றது. அங்கே காத்துநின்ற வான் சாரதி ஒருவரை, உள்ளே அமரலாமே என்று நாம் ஒருமுறை கேட்டோம். "உள்ளுக்கை இருந்து வேகிறதிலும் பார்க்க வெளியிலை நிண்டு காயலாம், மாஸ்டர்" என்றார் அவர். பௌதிக நூல்கள் ஓர் அத்தியாயத்திற் கூறுவதை அவர் ஒரு வசனத்திற் கூறிவிட்டார்.

இப்பொருளை இவ்வாரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் நம் மாணவர் ஒருவர். அவருடைய மாமா ஒருவர் பழைய வொக்ஸ்வாகன் வான் ஒன்றை வாங்கி, அதனுள் படுக்கையும் அடுப்பும் அமைத்து, குடும்பத்தோடு குறிகட்டுவானுக்கும் வரலாம், நுவரெலியாவுக்கும் போகலாம் என்று வீட்டு வானாக மாற்றிக்கொண்டிருக்கிறாராம். 1950ஆம் ஆண்டு செருமனியில் உற்பத்தி தொடங்கிய வான் வகை அது. மறு ஆண்டிலிருந்தே வெஸ்ற்பாலியா என்னும் நிறுவனம் அதற்குப் படுக்கையும் அலுமாரியும் செய்துதரத் தொடங்கியது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலிருந்து தரைமார்க்கமாக இந்தியா வரை வந்த இளைஞர் பலருக்கு அவ்வகை வானே வீடாயிருந்தது. மாமாவின் நண்பர் ஒருவர் குளிர்தேசத்திலிருந்து ஆலோசனை எழுதியிருக்கிறார்: சாரதி அறையின் கூரை, கதவு, தரை எங்கும் கண்ணாடிப் பஞ்சைத் திணித்துவிட வேண்டுமாம்.

"எத்தனை அங்குலம் திணிக்கலாம், சேர்?" என்று கேட்டார் மாணவர்.

"திணிப்பதைப் பிறகு பார்ப்போம், தம்பி. வெய்யிலை வெளியிலேயே நிறுத்த வழியுண்டா என்று முதலில் மாமாவைப் பார்க்கச் சொல்லும்" என்றோம்.

உண்மையில் வீட்டு வண்டி தமிழருக்குப் புதியதன்று. வல்லிபுரக் கோவிலுக்கும் செல்வச்சந்நிதிக்கும் நம் பாட்டனார் காலத்தவர் கூடார வண்டிலிலேயே சென்றனர். வளைத்த கம்புகளின்மேல் ஓலைப்பாயை இழுத்துக் கட்டி, கீழே வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கும் பாயும் விரித்துக் குழந்தை குட்டிகளோடு புறப்படுவர். கோவில் வீதியில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சமைத்துண்டு, வண்டிலின் உள்ளும் கீழும் படுத்துறங்கி, மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்புவர். அந்த வண்டிலில் வெப்பத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடுகள் அனைத்தும் இருந்தன. ஓலைக்கும் ஓலைக்கும் இடையில் அகப்பட்ட காற்று வெய்யிலின் சூட்டை மெல்லவே கீழே விட்டது. முன்னும் பின்னும் திறந்திருந்தமையால் உள்ளே சூடேறிய காற்று நில்லாது போயிற்று. வைக்கோல் இரவில் நிலத்துக் குளிரையும் தடுத்தது. விலையோ, அறுவடைக் காலத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அதற்குப்பின் வந்த நம் தட்டி வானும் இம்முறையை முற்றாகக் கைவிடவில்லை. லொறியின் அடிச்சட்டத்தில் மரத்தால் உடல் கட்டி, பக்கங்களைத் திறந்தபடி விட்டு, பின்புறத்தில் சங்கிலியிலே தொங்கும் தட்டியில் வாழைக்குலையையும் மீன்கூடையையும் ஏற்றிக்கொண்டு ஓடிய அவ்வாகனத்தை, கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே பயணஞ்செய்த முதியோர் மறந்திரார். புழுதி உண்டு, சாரல் உண்டு, நெரிசலும் உண்டு. ஆனால் அதனுள் எவரும் வெந்ததில்லை. பின்னர் முழுவதும் இரும்புத் தகட்டால் அழுத்திச் செய்த, கண்ணாடியால் மூடிய வான்கள் வந்தன. மழை உள்ளே வராது போயிற்று. உள்ளே புகுந்த சூடு வெளியே போகாமலும் போயிற்று.

சூடு வண்டிக்குள் எவ்வழியாக வருகிறது? மாணவர்கள் மூன்று பெயர்களை உடனே ஒப்புவிப்பர்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். பரீட்சைக்கு அது போதும். வண்டியைத் திருத்துபவர்க்கு அது போதாது. எந்தச் சூடு எந்த வழியால் வருகிறது என்பதை அவர் இடத்துக்கிடம் பிரித்தறிய வேண்டும். ஒன்றைத் தடுக்கும் பொருள் மற்றொன்றைத் தடுக்காமற் போகலாம்.

முதலிற் கடத்தலைப் பார்ப்போம். றம்போட் பிரபு எனப் பின்னாளில் அழைக்கப்பட்ட பெஞ்சமின் தொம்சன், வெப்பமானியின் குமிழைச் சுற்றிப் பட்டு, பருத்தி, கம்பளி, மென்மயிர், இறகு எனப் பலவற்றை மாறிமாறி அடைத்து, சூடு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளந்தார். வெப்பம் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு 1792இல் இலண்டன் றோயல் சங்கத்தின் கொப்ளிப் பதக்கம் கிடைத்தது. அவர் கண்டது யாதெனில், உடையின் சூடுகாக்கும் வல்லமைக்கு அதன் இழைகளிடையே அசையாது சிறைப்பட்டிருக்கும் காற்றே முக்கிய காரணம் என்பதாகும். இன்றைய அளவுகளும் அதையே காட்டுகின்றன. அசையாக் காற்றோடு ஒப்பிடின் இரும்புருக்கு வெப்பத்தை ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கும், நீர் இருபது மடங்குக்கு மேலும் கடத்தும். கண்ணாடிப் பஞ்சு, தக்கை போன்றவை காற்றைவிட ஒன்றரை மடங்கு அளவிலேயே கடத்துகின்றன. நீரைப் பற்றிய எண்ணை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். நனைந்த பஞ்சு வெப்பக் காவலி அன்று. அது இரும்புத் தகட்டோடு ஒட்டிக்கிடக்கும் ஈரத்துணி.

ஆனால் நண்பகலில் கூரைமேல் விழும் வெப்பம் கதிர்வீசலால் வருவது. தெளிந்த வானத்தில் உச்சிச் சூரியன் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறக்குறைய ஆயிரம் வாற்று வலுவைப் பொழிகிறது. சாரதி அறையின் கூரை இரண்டு சதுர மீற்றர் எனக் கொள்வோம். ஆயிரம் வாற்று மின்னழுத்திகள் இரண்டைச் சூடாக்கிச் சாரதியின் தலைக்குமேலே வைத்தாற்போலாகும். யாழ்ப்பாணத்தில் சூரியன் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும், மறுபடி ஆவணியிலும் தலைக்கு நேரே நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; நயினையின் ஆனித் திருவிழாவுக்கு வருவோர் நண்பகலில் வண்டியின் வடபுறத்தில் நிழல் தேடினால் அங்கே நிழல் இராது.

இவ்வளவு வலுவையும் தகட்டினுள் ஏறவிட்டுப் பிறகு பஞ்சால் மறிப்பதைக் காட்டிலும், ஏறாமலே செய்வது மேலன்றோ? அதற்கு மிக மலிவான மருந்து வெள்ளைப் பூச்சு. கருநிறத் தகடு விழும் வெய்யிலில் பத்தில் ஒன்பது பங்கை உட்கொள்ளும். துப்புரவான வெள்ளைப் பூச்சோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பழைய வான்களை விரும்புவோருக்கு நிறத்தில் மோகம் அதிகம். பக்கங்களுக்கு விரும்பிய நிறத்தைப் பூசட்டும். கூரை வெள்ளையாயிருக்கட்டும். அவ்வகை வொக்ஸ்வாகன் பலவற்றில் மேற்பகுதிக்கு வெண்மையே பூசப்பட்டிருந்தமையால், அழகும் கெடாது.

வெள்ளைக்கும் மேலான மருந்து இரண்டாங்கூரை. 1950களின் லான்ட் றோவர் வண்டிகளிற் சிலவற்றுக்குக் கூரைக்குமேல் இன்னொரு தகடு சிறிது உயர்த்திப் பொருத்தப்பட்டிருந்தது. வெப்பநாடுகளுக்கென்றே செய்த ஏற்பாடு அது. மேற்றகடு வெய்யிலை வாங்கிக்கொள்ள, இடையிலுள்ள காற்று அச்சூட்டை அள்ளிக்கொண்டு ஓடிவிடும். இந்தியப் புகைவண்டிப் பெட்டிகளிலும் முற்காலத்தில் இத்தகைய இரட்டைக் கூரைகள் இருந்தன. (முதல் வகுப்புப் பிரயாணிகளுக்காகச் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பதும் அங்கே வழக்கமாயிருந்தது. பம்பாயிலிருந்து பெஷாவருக்கு ஓடிய பிராண்டியர் மெயிலில் 1934ஆம் ஆண்டு தரைக்குக் கீழே பனிக்கட்டியை அடுக்கிப் பெட்டியைக் குளிர்வித்தனர். வெட்டிவேரின் வித்தை வட இந்தியாவின் உலர்ந்த காற்றில் நன்றாகப் பலிக்கும். கடலீரம் நிறைந்த நம் காற்றில் அவ்வளவாகப் பலிக்காது.) நம் ஊரில் தகரக் கொட்டிலின்மேல் கிடுகு பரப்புவோர் செய்வதும் இரண்டாங்கூரையே. வானுக்குக் கிடுகு வேயச் சொல்ல நாம் துணியவில்லை. மெல்லிய அலுமினியத் தகட்டையோ வெள்ளை பூசிய ஒட்டுப்பலகையையோ கூரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிறுத்தி, முன்னும் பின்னும் காற்றோட விட்டு, பண்ணைத் தாம்போதியின் பெருங்காற்றிலும் அசையாதபடி நீர்வடியும் விளிம்பில் இறுகப் பூட்டினாற் போதும்.

கடைகளில் இப்பொழுது வெள்ளிபோல் மினுங்கும் தாள் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். சுடுதண்ணீர்ப் போத்தலின் உள்ளே வெள்ளி பூசிய இரண்டு கண்ணாடிச் சுவர்களும் அவற்றிடையே வெற்றிடமும் உள்ளன. ஜேம்ஸ் டுவார் என்னும் விஞ்ஞானி 1892இல் ஆக்கிய பாத்திரமே அதன் மூலம். மினுங்கும் பரப்பு கதிரைத் திருப்பும். ஆனால் அதற்கு முன்னே காற்றிடையோ வெற்றிடமோ இருந்தாலன்றித் திருப்பாது. அந்தத் தாளைக் கூரைத் தகட்டோடு பசையிட்டு ஒட்டி, அதன்மேல் பலகையையும் அழுத்திவிட்டால், அலுமினியம் வெறும் உலோகமாகிச் சூட்டைக் கடத்தும். தாளுக்கும் அடுத்த பரப்புக்கும் இடையில் ஒரு விரலகல வெளியாவது விடுக. விடுவதற்கு இடமில்லையாயின் அந்தப் பணத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துக.

அடுத்தது கண்ணாடி. சாரதி அறையின் மூன்று பக்கமும் கண்ணாடியாதலால், கூரையை எவ்வளவு பேணினாலும் அவ்வழி திறந்தே கிடக்கிறது. ஒளியாக உள்ளே புகும் வெய்யில் ஆசனத்திலும் சுக்கானிலும் பட்டுச் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு வீசும் நெட்டலைக் கதிர் கண்ணாடியை ஊடுருவி வெளியேற மாட்டாது. ஆகவே திரையை உள்ளே தொங்கவிட்டால், வெய்யில் கண்ணாடியைக் கடந்த பின்பே அதைச் சந்திக்கிறோம். வெளியே போட்டால் கடக்கு முன்பே மறித்துவிடுகிறோம். நிறுத்திவைத்த வண்டியின் முற்கண்ணாடிக்கு வெளியே விரித்துக் கட்டுவதற்கு நம் ஓலைப்பாயைவிடச் சிறந்த பொருளை நாம் அறியோம். நெடுந்தீவிலிருந்து வரும் படகில் இறங்கும் மூதாட்டியார் எவரும் அதைப் பின்னித் தருவார். ஓடும்போது கண்ணாடிக்குத் திரையிட இயலாது. முற்கண்ணாடிக்குக் கரிய தாள் ஒட்டுவது பார்வையைக் கெடுக்கும், சட்டமும் அதை விரும்பாது. மேல்விளிம்பில் ஒரு சாண் அகல வெயில்மறைப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, வெய்யிலோடு தொடர்பற்ற சூடு ஒன்று உண்டு. அது யந்திரத்தின் சூடு. பஸ்ஸிலே சாரதிக்கு அருகிலுள்ள யந்திரப் பெட்டியின்மேல் நெரிசலில் அமர்ந்து வந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. 1952 முதல் 1969 வரை செய்யப்பட்ட பெட்போர்ட் சீ.ஏ. வானிலும் யந்திரத்தின் ஒரு பகுதி சாரதி அறைக்குள்ளேயே துருத்திக்கொண்டு நிற்கும். இத்தகைய வண்டிகளில் யந்திர மூடியின் அடிப்புறத்துக்குத் தீப்பற்றாத காவலியையே பயன்படுத்த வேண்டும். அலுமினியம் போர்த்திய கண்ணாடியிழைத் துணி ஏற்றது. மேலே சாக்கை மடித்துப் போடும் வழக்கத்தை நாம் பல இடங்களிற் கண்டிருக்கிறோம். எண்ணெய் குடித்த சாக்கு விளக்குத்திரிக்குச் சமானம். மூடியின் விளிம்பு எங்கும் வெப்பந்தாங்கும் இறப்பர்ப் பட்டி இட்டு இடைவெளியை அடைத்தல் அதனினும் முக்கியம். 1990க்குப் பின் குடாநாட்டில் பெற்றோல் கிடையாதிருந்த ஆண்டுகளில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடியதை நேயர்கள் மறந்திரார். பயணம் முடிந்து இறங்குவோரின் ஆடையெல்லாம் மண்ணெண்ணெய் நாறும். யந்திரத்துக்கும் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில், வயர்களும் மிதிகளும் செல்லும் துளைகளின் இறப்பர் வளையங்கள் உக்கிப்போயிருந்ததும் அதற்கொரு காரணம். மணம் வரும் வழியே சூடு வரும் வழி. புகை வரும் வழியும் அதுவே. காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கோ மணமே இல்லை. ஆகையால் துளைகளை அடைப்பது சுகத்துக்காக மட்டும் செய்யும் காரியமன்று.

வொக்ஸ்வாகனில் யந்திரம் பின்னால் இருப்பதால் சாரதி தப்பிவிட்டார் என்று எண்ணலாகாது. அவ்வண்டியில் புகைபோக்கிக் குழாயைச் சூழ்ந்த உறையில் காற்றைச் சூடாக்கி, தரைக்குக் கீழே குழாய் வழியாக முன்னே கொண்டுவந்து, குளிர்காலத்தில் சாரதியின் காலடியில் விடும் ஏற்பாடு உண்டு. அதனை மூடும் கதவு துருப்பிடித்து அரைகுறையாகத் திறந்தபடி நின்றுவிட்டால், சித்திரை வெய்யிலிலும் காலடியில் அனல் வீசும். பலர் அதை வெய்யிலின் சூடென்றே எண்ணித் தரைக்குக் கம்பளி விரிப்பர். அந்த உறையே துருவினால் துளைபட்டிருந்தால் யந்திரப் புகை நேரே சாரதியின் மூக்குக்கு வந்துசேரும். தரையைப் பிரித்த அன்றே இதைச் சோதித்துவிடுதல் நன்று. இன்னுமொன்று: காற்றினால் குளிரும் யந்திரம் அது. பின்பக்கத்துக் காற்றுத் துவாரங்களின் உட்புறத்தைக் காவலி கொண்டு அடைப்பது யந்திரத்தின் மூக்கைப் பொத்துவதாகும்.

பழைய வண்டியின் மூடிகளையும் தடுப்புகளையும் கழற்றும்போது சாம்பல் நிறத்தில் நார் நாராகப் பொருளொன்று தென்படலாம். அது கல்நாராயிருக்கக்கூடும். அஸ்பெஸ்ரஸ் என நாம் வீட்டுக்கூரையில் அறிந்த அதே பொருள், முற்காலத்தில் வாகனங்களின் வெப்பத்தடுப்பிலும் தடைக்கட்டைகளிலும் தாராளமாகப் பயன்பட்டது. அதன் தூளைச் சுவாசித்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் சுவாசப்பை நோயும் புற்றுநோயும் வரும். அதைச் சுரண்டவும், தும்புத்தடியாற் கூட்டவும், காற்றடித்து ஊதவும் கூடாது. பழகியவரைக் கொண்டு, நனைத்து, சிதையாது எடுப்பிக்க வேண்டும். விடுமுறையில் மாமாவுக்கு உதவிசெய்யும் மாணவர்களை இந்த வேலைக்கு அருகிலும் விடலாகாது.

இவ்வளவும் செய்தபின்பே திணிப்பின் முறை வருகிறது. இங்கேதான் குளிர்தேசத்து நண்பரோடு நாம் உடன்படவில்லை. அவர் ஊரில் கடல் எங்கோ இருக்கிறது. குறிகட்டுவானில் கடல் கதவடியிலேயே இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் அலைத்திவலை மெல்லிய உப்பாக வண்டியின் ஒவ்வோர் இடுக்கிலும் படியும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்தை எட்டியதும் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். தீவகத்தின் இரவுகளில் அவ்வளவு ஈரம் சாதாரணம். உப்பேறிய பஞ்சு ஆகவே இரவுதோறும் நனைகிறது, பகலில் முழுதும் உலர்வதில்லை. அந்த உப்புநீர் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பூச்சு மினுங்கிக்கொண்டிருக்க, ஒரு நாள் கதவின் அடி கையோடு வந்துவிடும். எழுபது ஆண்டு வயதான வண்டிக்கு அத்தகைய கதவு மீண்டும் கிடைப்பது அருமை.

கதவின் அமைப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கால் மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வடிவதற்கென்றே கதவின் அடியில் சிறு துளைகள் உள்ளன. பஞ்சு அவற்றை அடைத்துவிடும். எனவே கதவுக்குள் பஞ்சே ஆகாது. துருவைச் சுரண்டித் துருத்தடைப் பூச்சுப் பூசி, நன்கு உலர்ந்தபின், மூடிய நுண்ணறைகளைக் கொண்ட இறப்பர் நுரைத்தகட்டை வெளித்தகட்டின் உட்புறத்தில் முழுதும் படிய ஒட்டி, அடிப்பகுதியில் நான்கு விரல் இடம்விட்டு நிறுத்துக. அந்த நுரையின் கண்ணறைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை; நீர் அதனுள் ஊறாது. கூரைக்கும் அதுவே போதும். அரை அங்குலம் போதுமா, ஓர் அங்குலம் வேண்டுமா என்பது இடத்தையும் பணத்தையும் பொறுத்தது. முதல் அரை அங்குலம் தரும் பயனை அடுத்த அரை அங்குலம் தராது. ரெஜிபோம் மலிவு, ஆயினும் ஓடும் வண்டியின் அதிர்வில் கிறீச்சிடும், எளிதில் தீப்பற்றிக் கரும்புகை கக்கும். குழலிலிருந்து பீச்சி உப்பவைக்கும் நுரையையும் நாம் விரும்பவில்லை. அதன் பின்னால் துரு பிடித்தாற் காணவும் முடியாது, கழற்றவும் முடியாது. தார்த் தகடுகள் அதிர்வொலியை அடக்கும். தலைக்குமேல் ஒட்டினால் நம் வெய்யிலில் இளகித் தொங்கும். தரைக்கு அவை தக்கவை. தரையின்மேல் தக்கை விரிப்போ தும்புத் தடுக்கோ இட்டு, கழற்றி உலரவைக்கக்கூடியதாக ஒட்டாமல் விடுக.

குளிரைப் பற்றி மாணவர் கேட்டதற்கும் விடை கூறவேண்டும். மார்கழி வாடையில் குறிகட்டுவானில் ஒரு போர்வை போதும். நுவரெலியாவோ கடல்மட்டத்துக்கு 1868 மீற்றர் மேலே உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஏழு பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே ஒரே வண்டி காலையில் கடலோரத்து வெப்பத்தையும் மாலையில் அதற்குப் பன்னிரண்டு பாகை குறைந்த குளிரையும் சந்திக்கிறது. தை மாசி இரவுகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. வெய்யிலுக்கென்று ஒட்டிய நுரை அங்கே குளிருக்கும் உதவும். மூன்று பக்கக் கண்ணாடிக்கு அது என்செய்யும்? இரவில் சாரதி அறையைச் சூடாக வைத்திருக்க முயல்வது வீண். முன்னாசனத்துக்குப் பின்னே கூரையிலிருந்து தரைவரை தடித்த கம்பளித் திரையொன்றைத் தொங்கவிட்டு, படுக்கும் பகுதியை அதிலிருந்து பிரித்துவிடுவதே புத்தி. காலையில் அந்தக் கண்ணாடிகளில் நீர் வழிந்துகொண்டிருக்கும். இருவர் ஓரிரவு உறங்கினால் அவர்களின் மூச்சிலும் உடலிலுமிருந்து வெளிப்படும் நீர் ஒரு குவளைக்குக் குறையாது. அது குளிர்ந்த தகட்டிலும் கண்ணாடியிலும் படிகிறது. திரைக்கு முன்னால் படியட்டும், துடைத்துவிடலாம். கூரைக்கும் நுரைக்கும் இடையில் படிந்தால் துடைக்க வழியில்லை. நுரையை இடைவெளியின்றி முழுதும் படிய ஒட்டச் சொன்னதற்கு இதுவே காரணம்.

குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைத்து, உள்ளே கரியடுப்பையோ வாயு அடுப்பையோ எரியவிட்டு உறங்குவோர் உண்டு. நன்றாகக் காவலிட்ட வண்டி இத்தகையோருக்குக் காவலிடாத வண்டியிலும் ஆபத்தானது. ஓட்டை நிறைந்த பழைய வண்டியில் காற்றாவது வந்துபோகும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக உள்ளங்கை அகலத் துவாரங்கள் இரண்டு எப்போதும் திறந்திருத்தல் வேண்டும். சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, போர்வையை ஒன்றுக்கு இரண்டாகப் போர்த்துக்கொள்ளுங்கள். காபனோரொட்சைட்டை அறிவிக்கும் சிறு மின்கருவிகள் விற்பனைக்கு உள்ளன. வீட்டு வானில் கடிகாரம் இல்லாவிட்டாலும் அக்கருவி இருத்தல் வேண்டும்.

குறிகட்டுவானுக்கு வருவோர் நாளையே செய்யக்கூடிய சில காரியங்களும் உள. பிற்பகல் வரை நிற்கப்போகும் வண்டியின் பின்புறத்தை மேற்கே திருப்பி நிறுத்தினால், மாலை வெய்யில் முற்கண்ணாடியில் விழாது. பின் சன்னலுக்குத் திரையிடுக. திரும்பிவந்ததும் எதிரெதிர்க் கதவுகள் இரண்டையும் திறந்து, கடற்காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போகவிட்டு, பின்பே பிள்ளைகளை ஏற்றுக. "படகு வருமட்டும் இதுக்குள்ளை இரு, ராசா" என்று குழந்தையை மூடிய வண்டிக்குள் விட்டுச்செல்லும் தாய்மாருக்கு நாம் கண்டிப்பாகவே கூறுகிறோம்: மூடிய வண்டியின் சூடு பெரும்பாலும் முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி விடுவதால் அது பெரிதும் குறைவதில்லை. வெள்ளைக் கூரையும் ஓலைப்பாயும் இருந்தாலும் குழந்தையைத் தனியே விடலாகாது.

வீடு திரும்பிய அன்றே வண்டியின் அடிப்புறத்தையும் கதவடித் துளைகளையும் நன்னீரால் கழுவுதல் வேண்டும். தீவகத்தில் குடிநீருக்கே மக்கள் அலைவதால் அங்கே கழுவாது, பண்ணையைக் கடந்து யாழ்ப்பாணம் வந்தபின் கழுவுங்கள். கழுவியபின் கதவுத் துளைகளில் ஓர் ஈர்க்கை விட்டுப் பாருங்கள். உள்ளே தேங்கிய நீர் சொட்டினால் துளை அடைபட்டிருக்கிறது.